தனித்தனியாக நிற்கட்டும்

அத்தியாயம் 11

போன வாரம் எவாந்தியா தன் அப்பாவின் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, "செவ்வாய்க்கிழமை உப்புப் பகுதியைப் பிரிக்கப் போறேன்" என்று சொன்னதும், அவர் வாயைத் திறக்காமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனதும் நினைவிருக்கும்.

இன்று அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆற்றங்கரை ஊரான ரென்மார்க்கில் விடிந்த கையோடு வெயில் ஏறிவிட்டது. ஆற்றிலிருந்து வந்த காற்றில்கூட ஈரமில்லை. பழைய ஆரஞ்சுக் கொட்டகையின் தகரக் கூரை இப்போதே சூட்டில் சடசடத்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பழம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிய இடம் அது. இப்போது கரவாஸ் குடும்பத்தின் அலுவலகம்.

எவாந்தியா குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வயது. கல்லூரி முடித்து ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்த ஒரே கணினி நிரலோடுதான் குடித்தனம்.

நெரோ என்று பெயர். கிரேக்க மொழியில் தண்ணீர்.

ஆற்றின் இரு கரையிலும் உள்ள திராட்சை, பாதாம், ஆரஞ்சுத் தோட்டங்களில் எப்போது பம்ப் ஓட வேண்டும், எந்த வால்வு திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது நெரோதான். மண்ணின் ஈரம் பார்க்கும். வானிலை கேட்கும். ஆற்று நீரில் உப்பு ஏறினால் பாய்ச்சலைக் குறைக்கும். எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் பாத்தியதை என்று பங்கு பிரிக்கும். மாதக் கடைசியில் ரசீதும் அனுப்பும்.

எல்லாம் ஒரே நிரல். எவாந்தியாவின் அப்பா அரிஸ்டிடிஸ் கரவாஸ், பம்ப் ரிப்பேர் செய்துகொண்டிருந்த மனிதர், தானே படித்துத் தானே எழுத ஆரம்பித்தது. தேவை வந்தபோதெல்லாம் சுவரை இடித்து ஓர் அறையைச் சேர்த்துக்கொண்ட வீடு போல வளர்ந்தது. எந்தச் சுவர் எந்தக் கூரையைத் தாங்குகிறது என்று அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். சில இடங்களில் அவர்களுக்குமே தெரியாது.

போன கோடையில் அது அம்பலமானது. ரசீதுப் பகுதியில் வரிக்காக எவாந்தியா ஒரு சின்ன மாற்றம் செய்தாள். ரசீது தடுக்கி விழுந்தது. விழும்போது பம்ப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. வருடத்தின் கொடுமையான வெயில் நாளில் எந்தத் தோட்டத்திலும் தண்ணீர் ஓடவில்லை. பெக்கோஸின் இளம் பாதாம் கன்றுகள் ஒரே பகலில் கருகிப் போயின. பெக்கோஸ் யாரோ அல்ல. அரிஸ்டிடிஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அதற்கப்புறம் அவர் இந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

"நீ கவனமா இருந்திருந்தா விழுந்திருக்காது" என்றார் அப்பா.

"ரசீது தடுக்கினா பம்ப் ஏம்ப்பா விழணும்?" என்றாள் மகள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவள் நெரோவைப் பிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு சின்ன மையம் மட்டும். மற்றதெல்லாம் செருகுநிரல்கள்: ஒவ்வொன்றையும் தனியாகச் சொருகலாம், தனியாகக் கழற்றலாம். ஒன்று மயங்கி விழுந்தால் மையம் அதை ஓரமாகக் கிடத்திவிட்டு, மற்றவற்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். ரசீதைப் பிரித்தாள். வானிலையைப் பிரித்தாள். மண் ஈரத்தைப் பிரித்தாள்.

ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் அப்பா ஒரு படி விலகினார். குளிர்காலத்திலிருந்து அவளோடு நேரடிப் பேச்சே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகன் ஸ்ட்ராத்தோஸிடம் சொல்லி அனுப்புவார். அவள் பதிலையும் அவன்தான் கொண்டுபோவான்.

வெளியே வண்டிக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு கதவுகள்.

---

ஸ்ட்ராத்தோஸ் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் ஒரு பெண்மணி. குட்டையாக வெட்டிய நரைமுடி, கையில் தண்ணீர் பாட்டில், நேரான பார்வை.

"அக்கா, இவங்க ரொவீனா ஹால்டேன். மெல்பர்ன்லேர்ந்து வந்திருக்காங்க. நெரோவைப் பாக்கணுமாம்."

எவாந்தியா எழுந்து கை கொடுத்தாள். பிறகு தம்பியின் முழங்கையைப் பிடித்துக் காப்பி மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னைக்காடா கூட்டிட்டு வருவே? வெளில அடுப்பு மாதிரி காயுது. இன்னைக்குத்தான் உப்பைப் பிரிக்கறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன். வாடிக்கையாளர்னா சமையல் ஆனதை மட்டுமா பாக்கணும்? சமைக்கறதையும் பாக்கட்டுமே."

"விழுந்தா?"

"நீதானே சொன்னே, விழுந்தாலும் எழுந்து நிக்கும்னு." அவன் அவள் தோளைத் தட்டினான். "நம்பித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். எனக்குன்னு நீ என்னைக்காவது எதையாவது செஞ்சு காட்டியிருக்கியா?"

கடைசி வாக்கியத்தை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

"அப்பா?"

"சர்ச்சுக்குப் பக்கத்துல ஒரு வேலை இருக்குன்னாரு. வருவாரு, வருவாரு. வராமயும் இருப்பாரு. உனக்குத் தெரியாத ஆளா?"

அவள் திரைக்குத் திரும்பினாள். ரொவீனா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இடைஞ்சல் செய்யாத தூரத்தில் உட்கார்ந்தாள். பார்ப்பவள் சும்மா பார்க்கவில்லை என்று எவாந்தியாவுக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும். படவில்லை. கை வேலையில் இருந்தது.

பழைய உப்புப் பகுதியைக் கழற்றினாள். புதிய செருகுநிரலைச் சொருகினாள். மையம் அதைப் பெயர் கேட்டு, உன்னால் என்ன தர முடியும், உனக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து, வரிசையில் சேர்த்துக்கொண்டது. திரையில் பச்சைப் புள்ளிகளின் வரிசையில் புதிதாக ஒன்று எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் ரொவீனா.

"ஒரு வருஷ வேலைக்கு அவ்வளவுதான்" என்றாள் எவாந்தியா.

---

மத்தியானம் அது விழுந்தது.

விழுந்ததற்குக் காரணம் நிரல்கூட அல்ல. ஆற்றின் மேல்பக்கம் உப்பு அளக்கும் கருவி வெயிலில் வெந்துபோய், எண்ணுக்குப் பதிலாக வெறுமையை அனுப்பத் தொடங்கியது. அப்படி ஒன்று வரும் என்று எவாந்தியா எதிர்பார்த்து எழுதியிருக்கவில்லை. உப்புப் புள்ளி சிவப்பாக மாறியது.

போன கோடையில் இப்படித்தான் ஒன்று சிவந்தது. அன்று அவள் எழுந்து நிற்பதற்குள் மொத்தத் திரையும் சிவந்துவிட்டது.

ஸ்ட்ராத்தோஸ் எழுந்து வந்தான். "அக்கா..."

"பேசாதே."

சிவப்பு அங்கேயே நின்றது. பக்கத்துப் புள்ளி பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. மையம் உப்புப் பகுதியைத் தட்டிப் பார்த்தது. எழவில்லை என்றதும் ஓரம் கட்டியது. காலையில் கிடைத்த கடைசி நல்ல அளவையே வைத்துக்கொண்டு பாய்ச்சலைத் தொடர்ந்தது.

மேஜை மேலிருந்த தொலைபேசி அலறியது.

"யாரு? எவியா?" பெக்கோஸின் கரகரத்த குரல். ஒரு வருடமாகக் கேட்காத குரல். "எனக்கு இங்க ஏதோ எச்சரிக்கை வந்திருக்கு. உப்பு சரியில்லைன்னு. மறுபடியும் ஆரம்பிச்சாச்சா உங்க திருவிளையாடல்?"

"மாமா, ஒரு நிமிஷம். பம்ப் ஓடுதான்னு போய்ப் பாருங்க."

"உன் பொட்டியைக் கேட்டா தெரியாதா?"

"பொட்டி ஓடுதுன்னுதான் சொல்லுது. நீங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க. தயவு செஞ்சு."

அவர் முனகிக்கொண்டே நடப்பது கேட்டது. வலைக்கதவு அடித்துக்கொண்டது. நாய் ஒன்று குரைத்தது. சருகு மிதிபட்டது. எவாந்தியா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு தண்ணீர்ச் சத்தம். குழாய்களில் சீறிக்கொண்டு.

"ஓடுது" என்றார் பெக்கோஸ். "ஓடத்தான் செய்யுது, புள்ளே."

"சரி மாமா."

"உப்புன்னு சொன்னது?"

"அது மட்டும்தான் படுத்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள எழுப்பிடுவேன். தண்ணி நிக்காது."

அவர் நன்றி சொல்லவில்லை. ஆனால் உடனே வைக்கவும் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி, அப்புறம்தான் வைத்தார்.

எவாந்தியா திரும்பினாள். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றியிருக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் கண்கள் அந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளி மேலேயே இருந்தன.

பாருங்கள் அப்பா என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சின்ன வயதில் முதல் நிரல் ஓடியபோது அவரைத் தோட்டத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததுபோல.

"நல்லாத்தான் வெட்டியிருக்கே" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "ரத்தமே வரல."

திரும்பிப் போய்விட்டார்.

---

அடுத்தது நடந்தது ஒரு சாதாரணக் கேள்வியால்.

ரொவீனா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் முகத்தில் உண்மையான மதிப்பு தெரிந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் கெட்டவள் அல்ல.

"ரொம்ப சுத்தமான வேலை. நான் பாத்ததுலயே சுத்தமானது" என்றாள். "அப்போ இந்த மண் ஈரப் பகுதியை மட்டும் கழற்றி எங்க சிஸ்டத்துல சொருகினா, உங்க மையம் இல்லாமயே ஓடுமா?"

"ஓடும். உங்க மையம் அதே கேள்விகளைக் கேட்டா போதும்..." எவாந்தியா பாதியில் நின்றாள். "எங்க சிஸ்டம்னா?"

ரொவீனா ஸ்ட்ராத்தோஸைப் பார்த்தாள். ஸ்ட்ராத்தோஸ் ஜன்னலைப் பார்த்தான்.

"உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள் ரொவீனா மெதுவாக.

தம்பி முதல்முறையாகச் சிரிக்கவில்லை. "அக்கா, கொஞ்சம் வெளில வா."

கொட்டகைக்குப் பின்னால் அந்த ஊரில் மிளகு மரம் என்று அழைக்கும் மரத்தின் கிழிந்த நிழலில் நின்றார்கள். வெயில் மண்ணிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது.

"அவங்க வாடிக்கையாளர் இல்ல" என்றாள் எவாந்தியா.

"இல்ல."

"வாங்க வந்திருக்காங்க."

"வாங்கியாச்சு. காலையில கையெழுத்தாச்சு. அப்பாவும் நானும் போட்டோம். கம்பெனியில அப்பாவுக்குப் பாதிப் பங்கு, எனக்குக் கால் பங்கு. உன் கால் பங்கு இல்லாமயே போதும்." அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான், பலமுறை ஒத்திகை பார்த்த வேகம். "மண் ஈரம், வானிலை, உப்பு, நீர்ப் பங்கு. இந்த நாலையும் எடுத்துக்கறாங்க. பெரிய பாதாம் எஸ்டேட்டுகளுக்கு. மையம் அவங்களுக்கு வேண்டாம். இந்தப் பருவம் முடிஞ்சதும் நிறுத்திடுவாங்க."

"பெக்கோஸ் மாமா? ஆத்தங்கரைல இருக்கற சின்னச் சின்னத் தோட்டமெல்லாம்?"

"வேற ஏதாவது பாத்துக்கச் சொல்லி அவகாசம் கொடுப்பாங்க."

"நான்?"

அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கீறினான்.

"நீ ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு அழகா விளக்கம் எழுதி வெச்சிருக்கே! அவங்க ஆளுங்க படிச்சுட்டு, இதை யாரு வேணா பாத்துக்கலாம்னுட்டாங்க. தனியா ஒருத்தர் தேவையில்லைன்னு."

எவாந்தியா மரத்தில் கை ஊன்றிக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வரியும் எழுதினாள். நாளைக்குத் தனக்கு ஒன்று ஆனாலும் பெக்கோஸின் தோட்டத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று. அது வேலை செய்திருக்கிறது. அச்சு அசலாக, அவள் நினைத்தபடியே.

"முழுசா ஒண்ணா இருந்தவரைக்கும் யாரும் சீண்டல" என்றாள். "நான் பிரிச்சதுக்கப்புறம்தான் உனக்கு விக்கற யோசனை வந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமா" என்றான் அவன். "முழுசா இருந்தப்போ அது உங்க ரெண்டு பேரோடது. எனக்கு அதுல நுழையவே இடமில்ல. சாப்பாட்டு மேஜையில நீயும் அப்பாவும் பேசுவீங்க. அந்த வரி, இந்த வரின்னு. அம்மாவாவது உயிரோட இருந்தவரைக்கும் என் தட்டைப் பாத்து ஒரு கரண்டி கூடப் போடுவாங்க. அதுக்கப்புறம் நான் என் வீட்லயே விருந்தாளி. எனக்கு யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இது என்னன்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

"கேட்டியா நீ?"

"கேட்டேன்கா. உனக்கு ஞாபகம்கூட இல்ல பாரு."

அவளுக்கு ஞாபகம் இல்லைதான். அதுதான் அவளை அடித்தது. ஆனாலும் கோபம் அதைத் தாண்டி வந்தது.

"அப்பா எப்படி ஒத்துக்கிட்டாரு? ஒரு வரியை நகர்த்தினாலே குழந்தையை அறுத்த மாதிரி பாப்பாரே."

ஸ்ட்ராத்தோஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்குள் போய்விட்டான்.

---

அப்பா கொட்டகையின் மறுகோடியில், ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம், தன் பழைய மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சின்னக் கோப்பையில் காப்பி, அடியில் வண்டலோடு ஆறிக் கிடந்தது. எவாந்தியா நாற்காலியை இழுத்துப் போட்டு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா வித்தீங்க?"

அவர் நிமிர்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கண்ணைப் பார்த்தார்.

"என்னைக் கேக்கறியா? நீதானே விக்கச் சொன்னே?"

"நானா?"

"உன் தம்பிதான் வந்து சொன்னான். அக்கா விக்கறதுக்குத்தான் பிரிக்கறா, உங்க முகத்துக்கு நேரா சொல்ல முடியாம தவிக்கறா, நீங்களா ஒத்துக்கிட்டா அவளுக்கு நிம்மதின்னு."

கூரைத் தகரம் சடசடத்தது. குளிர்சாதனத்தின் இரைச்சல் கூடிக் குறைந்தது.

"நான் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லலப்பா."

அரிஸ்டிடிஸ் காப்பிக் கோப்பையைக் கையால் சுற்றினார். ஒருமுறை. இன்னொருமுறை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடிந்து, அடுத்த கணமே அந்த இடத்தில் வேறொன்று எழுந்து நின்றது. எழுந்தது வீம்பு. எவாந்தியாவுக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் பார்க்கும் முகம்.

"நம்பறதுக்கு எனக்குக் கஷ்டமாவே இல்ல" என்றார். "அதைத் தெரிஞ்சுக்கோ. அவன் சொன்னதும் சரின்னு பட்டுச்சு. ஒவ்வொண்ணா வெட்டி வெட்டித் தட்டுல வெச்சவ, அடுத்து அதைத்தானே செய்வா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வெட்டறதுக்கு முன்னாடி நீ என்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். நீங்க தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினீங்க."

"நீ கேக்கல. சொன்னே. ரெண்டும் ஒண்ணில்ல."

அவளால் மறுக்க முடியவில்லை. அதற்காக அவரை மன்னிக்கவும் முடியவில்லை.

"இப்போ உண்மை தெரிஞ்சிருச்சே. திரும்ப வாங்கிக்கலாம்பா. வக்கீலைப் பாக்கலாம்."

"கையெழுத்துப் போட்டுட்டேன். என் பேரு போட்ட இடத்துல நான் பின்வாங்கினதில்ல." அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். "நாலு பகுதி கேட்டாங்க. மூணு நீ பிரிச்சுக் கொடுத்துட்டே. பங்குப் பகுதி மட்டும்தான் பாக்கி. அது இன்னும் மையத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு. அக்கா பிரிச்சுத் தருவான்னு உன் தம்பி வாக்குக் கொடுத்திருக்கான்."

"நான் பிரிக்க மாட்டேன்."

"தெரியும். அதான் நானே பிரிக்கப் போறேன்."

அவளுக்கு ஒரு கணம் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. நீர்ப் பங்கு அவர் முதன்முதலாக எழுதியது. ஆற்றுக்கு மேல்பக்கத் தோட்டம் எவ்வளவு எடுத்தால் கீழ்ப்பக்கத் தோட்டத்துக்கு எவ்வளவு மிஞ்சும், எந்த வால்வு முதலில், எது கடைசியில் என்று தீர்மானிக்கும் பகுதி. அவள் பிரிக்காமல் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்ததற்குக் காரணமே பயம்தான்.

"நீங்களா? பிரிக்கறதே கொலைன்னு சொன்னவரு நீங்க."

"நான் பெத்தது. அறுக்கணும்னா நான் அறுக்கறேன். வேற யாரும் கை வைக்க வேண்டாம்."

விரல்களை விசைப்பலகையில் வைத்தார். எழுபத்துநான்கு வயது விரல்கள். பம்ப் விசிறியில் சிக்கிய சுட்டுவிரல் கோணலாகவே நிற்கும். தன் பெயரை அடித்தார். கடவுச்சொல்லை அடித்தார். உள்ளே போனார்.

எவாந்தியா அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அவர் நகல் எடுக்கவில்லை. சோதனைச் சர்வருக்குப் போகவில்லை. தன் வழக்கப்படி, ஓடிக்கொண்டிருக்கும் நெரோவையே திறந்திருந்தார். முப்பது வருடமாக அவர் அப்படித்தான். ஓடுகிற பம்ப்பிலேயே கையை விட்டு ரிப்பேர் பார்ப்பவர்.

"அப்பா, அது லைவ்ல இருக்கு. வெளில வாங்க."

"எனக்குத் தெரியும்."

"இன்னைக்கு வெயில் என்னன்னு பாத்தீங்களா? எல்லாத் தோட்டத்துலயும் வால்வு திறந்திருக்கு. இப்போ பங்கு தப்பினா கீழ்ப்பக்கம் மொத்தமும் காஞ்சிடும். நகல்ல செய்யுங்க. நான் எடுத்துத் தரேன். உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"நீ உக்காந்தா நீதான் செஞ்சதா ஆகும்."

ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்தார். வெட்டினார். திரையில் அந்த இடம் வெறுமையானது. இன்னும் சேமிக்கவில்லை. சேமித்தால் அடுத்த சுற்றில் மையம் அந்த இடத்தைத் தேடும், கிடைக்காது, அப்புறம் யார் கையிலும் இல்லை.

எவாந்தியா எழுந்தாள். தன் மேஜைக்கு நடந்தாள். ஓட வேண்டும் போலிருந்தது, ஆனாலும் நடந்தாள். நெரோவுக்குள் யார் யார் நுழையலாம் என்ற உரிமைகள் பக்கத்தைத் திறந்தாள். மூன்று பெயர்கள் இருந்தன. அப்பாவின் பெயர்தான் எப்போதும் முதல் வரி. அவர்தான் அவளை அதில் சேர்த்துவிட்டவர், அவள் கல்லூரி முடித்து வந்த அன்று மாலை, அம்மா கேக் வெட்டுவதற்கு முன்பே.

அந்தப் பெயரை நீக்கினாள்.

அவளையே அசைத்துவிடும் அளவுக்கு அது சுலபமாக இருந்தது.

மறுகோடியில் விசையைத் தட்டும் சத்தம் நின்றது. மறுபடி தட்டினார். மறுபடி. அவர் முன்னாலிருந்த திரை, இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அரிஸ்டிடிஸ் திரும்பினார். கோபத்தை எதிர்பார்த்துத்தான் அவள் நின்றிருந்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. வீடு மாறி நுழைந்துவிட்டவர் போல் திகைத்திருந்தார்.

"எவி" என்றார். "இது என்னை யாருன்னு கேக்குது."



அவர் எழ முயன்று, மேஜையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் முறைதான் எழுந்தார். எவாந்தியா ஓர் அடி முன்னால் வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தொப்பியை எடுக்கவும் மறந்து, வெறுந்தலையோடு வெயிலில் இறங்கி நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டிப் பக்கம் போகவில்லை. ஆற்றோரப் பாதையில், பம்ப்கள் இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணே?" ஸ்ட்ராத்தோஸ் வாசல் பக்கமிருந்து ஓடி வந்தான். கையில் கைபேசி. "ரொவீனாவுக்குப் பங்குப் பகுதியைத் திறந்து காட்டலாம்னு பாத்தா என்னையும் உள்ள விட மாட்டேங்குது. அக்கா, என்ன பண்ணே?"

அவள் அதற்குள் அவன் பெயரையும் நீக்கியிருந்தாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது.

"அப்பா பின்னால போ" என்றாள். "தொப்பி இல்லாம போறாரு. தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போ."

"நீ முதல்ல அதைத் திற. இது உன்னோடது மட்டும் இல்ல. ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். நாளைக்கே வக்கீல் வந்து நிப்பாரு."

"வரட்டும்."

"ஜெயிலுக்குப் போவே."

"அப்பா பின்னால போ ஸ்ட்ராத். நான் போனா நிக்க மாட்டாரு."

அவன் அவளை ஒரு கணம் வெறித்துப் பார்த்தான். பிறகு மேஜை மேலிருந்த பாட்டிலைப் பறித்துக்கொண்டு ஓடினான். வாசலில் ரொவீனா ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

எவாந்தியா உட்கார்ந்து உப்புப் பகுதியைத் திறந்தாள். வெறுமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு வரி எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள்.

ஆற்றுப் பக்கமிருந்து தம்பியின் குரல் கேட்டது.

முதலில் "அப்பா" என்று. சற்றுப் பொறுத்து, "அக்கா!" என்று.